கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நாம் இரண்டாவது நிமிஷம் கத்த ஆரம்பித்து, நாலாவது நிமிஷம் வைத்துவிடுகிறோம். கடைசியாகப் பேசி ஒன்றரை வருஷம் ஆகிறது. காகிதத்தில் கத்த முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருவில் பழைய தண்ணீர்க் குழாயைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுக் குழாய் போடுகிறார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் பத்திரத்தின் நகலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல ரெண்டு பேர் இருக்கீங்களே, இன்னொருத்தர் எங்க?” என்றாள்.

“வெளியூர்ல வேலையா இருக்கார்.”

“எப்ப வருவார்?”

“கேட்டுச் சொல்றேன்” என்று வந்துவிட்டேன். நல்ல வேளை, எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் அவசரக்காரர்.

நாலு வருஷமாக இப்படித்தான். வீடு இரண்டு பேர் பெயரில், இருப்பது ஒரு ஆள். அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். உங்கள் பாதியை என் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கும் தொந்தரவு இல்லை, எனக்கும் யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பத்திர எழுத்தரைப் போய்ப் பார்த்தேன். பெரியவர், நம் கடையில் கண்ணாடி மாட்டியவர். நான் வில்லையின் ஓரம் தேய்த்துப் பொருத்திக் கொடுத்தது என்று தெரிந்ததும் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். “ரெண்டு பேரும் நேர்ல வரணும்மா. பதிவாளர் முன்னாடி கையெழுத்து, கைரேகை, போட்டோ எல்லாம் உண்டு” என்றார். நேரில்தான் வர வேண்டுமாம். வேறு வழியே கிடையாதாம்.

இன்னொன்று. ஹாலில் நீங்கள் நூல் பிடித்து அடித்துவிட்டுப் போன நீலக்கோடு அப்படியே இருக்கிறது. எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை. என்ன கண்றாவிச் சாயம் அது?

பதில் போடவும்.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரி


ஜனவரி 27

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. பத்தொன்பதாவது மாடிக்கு மேலே, மெஷின் ரூமில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கீழே யாரோ பட்டனை அமுக்கும்போதெல்லாம் மோட்டார் சுற்றி மேஜை ஆடுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அறையில் எனக்குத் துணையாக இருப்பவன் ஸ்பேனர். ஏன் அந்தப் பெயர் என்றால், ஆளைப் பார்த்தால் புரிந்துவிடும். நடுவில் குச்சி மாதிரி உடம்பு, மேலே பெரிய தலை, கீழே பெரிய பாதம். நல்லவன். சோறு வடிக்கத் தெரியாது.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். புதுக் குழாயை இணைக்கிற அன்று தண்ணீர் செம்மண்ணாக வரும். அது தொட்டியில் ஏறினால் ஒரு மாதம் போகாது. சமையலறைத் தொட்டிக்குக் கீழே, சுவரோரம், கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து இருக்கிறது. உள்ளே ஒரு வால்வு. வலப்பக்கம் மூன்று சுற்று சுற்றி மூடிவிடு. மறுநாள் திற. பொந்தில் பல்லி இருக்கும், கையை விடுவதற்கு முன்னால் ஒரு தட்டுத் தட்டு.

குளிர்காலத்தில் பின்கதவு உப்பிக்கொள்ளும். இழுக்காதே. பிடியைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கி, பிறகு தள்ளு. மொட்டை மாடித் தொட்டியில் மிதவை வாஷர் தேய்ந்திருக்கும், இந்நேரம் மாற்றியிருக்க வேண்டும்.

நீலக்கோடு போகவில்லை என்று எழுதியிருப்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. நூலில் தடவுகிற பொடியில் இரண்டு வகை உண்டு. சிவப்பு அடித்தால் ஆயுசுக்கும் போகாது. நீலம் தண்ணீர் பட்டாலே போய்விடும். நான் அடித்தது நீலம்தான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடைக்காரன் கலப்படம் செய்திருப்பான். சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்.

பங்கு பற்றி எழுதியிருந்தாய். கோட்டின்படி பார்த்தால் முன்னறையும் குளியலறையும் என் பக்கம், சமையலறையும் பின்கதவும் உன் பக்கம். நாலு வருஷமாக என் குளியலறையில் குளித்துக்கொண்டிருக்கிறாய். ஒரு நாளாவது அனுமதி கேட்டாயா?

யோசித்துச் சொல்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லையே?

உன்,
லிஃப்ட்காரன்


பிப்ரவரி 11

லிஃப்ட்காரர் அவர்களுக்கு,

நான் கேட்டது ஒரு கையெழுத்து. நீங்கள் அனுப்பியது குழாய் ரிப்பேர் பாடம். ஒரு மனுஷி ‘உங்கள் பாதியைக் கொடுங்கள்’ என்று எழுதினால், ‘தர மாட்டேன் போ’ என்று சொல்லலாம், ‘எதற்கடி கேட்கிறாய்’ என்று சண்டைக்கு வரலாம். பல்லி இருக்கும், தட்டிவிட்டுக் கையை விடு என்று பதில் போடுகிற ஆளை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

விண்ணப்பத்தை என் ஒரு கையெழுத்தோடு இப்போதைக்கு எடுத்துக்கொண்டார்கள். குழாயை இணைத்த அன்று வால்வை மூடினேன். தெருவில் எல்லார் வீட்டிலும் செம்மண் தண்ணீர், நம் வீட்டில் மட்டும் சுத்தம். பக்கத்து வீட்டு டீச்சர் இரண்டு குடம் வாங்கிக்கொண்டு போனாள். இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் அது நியாயமில்லை. பல்லி இரண்டு இருந்தன.

அனுமதியில்லாமல்தான் குளிக்கிறேன். வழக்குப் போடுங்கள்.

கோபத்தில் இருக்கும்போதே இதையும் எழுதிவிடுகிறேன். உங்கள் அண்ணனைப் பத்து நாள் என்று கூட்டி வந்தீர்கள். பதினோரு மாதம் இருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் கோடு அடித்த அன்றைக்குக் கடையில் ஒரு வில்லையை உடைத்துவிட்டேன். ஒரு குழந்தைக்கு முதல் முதலாகப் போடப் போகிற கண்ணாடி. அந்தக் குழந்தை அழுதுகொண்டே வெறும் ஃபிரேமை மாட்டிக்கொண்டு போயிற்று. அந்த மனசோடு வீட்டுக்கு வந்தால், ரேடியோ அலறுகிறது, நான் துவைத்து மடித்து நாற்காலியில் வைத்திருந்த துணியெல்லாம் தரையில், அந்த நாற்காலியில் உங்கள் அண்ணன். கத்திவிட்டேன். “என் பாதியில யாரும் நிக்க வேண்டாம்” என்று கத்திவிட்டேன்.

அப்போது நீங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? திட்டியிருக்கலாம். “வாயை மூடு” என்று சொல்லியிருக்கலாம். “எது உன் பாதி?” என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்து, ஒரு மூலையில் நூலைக் கட்டி, மறுமூலையில் இழுத்துப் பிடித்து, டப்பென்று அடித்தீர்கள். ஒன்பது நாள் மூன்று பேரும் அந்தக் கோட்டைத் தாண்டாமல் குடித்தனம் நடத்தினோம். கொல்லைக்குப் போக என்னிடம் அனுமதி கேட்டீர்கள். பத்தாம் நாள் அவர் பையைத் தூக்கினார், நீங்களும் தூக்கினீர்கள். “அவரை ஒரு ரூம்ல உட்கார வெச்சுட்டு வரேன்” என்று சொன்னீர்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறதா?

எட்டு மாதம் கழித்து அவர் இறந்துபோனார். எனக்கு இருபது நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. இரண்டு வரி. நான் வந்திருக்க மாட்டேன் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள்.

இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. ஏப்ரல் பதினேழு, காலை பத்து மணிக்குப் பதிவு அலுவலகத்தில் நேரம் கிடைக்கிறது என்று எழுத்தர் சொல்கிறார். ஒரு நாள் லீவு போட்டால் போதும். காலையில் வந்து இறங்கி, மாலை ரயிலில் திரும்பலாம். ரயில் தவறினால் முன்னறை காலியாகத்தான் இருக்கிறது. அது உங்கள் பக்கம்தான்.

நேரில் வராவிட்டால் காரியம் நடக்காது என்பதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடிக்காரி


மார்ச் 2

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஸ்பேனர், “வேலை போயிடுச்சாண்ணே?” என்று கேட்டான். முகம் அப்படி இருந்திருக்கும்.

நீ சொன்னது எல்லாம் சரி. அண்ணனை உன்னைக் கேட்காமல் கூட்டி வந்தது தப்பு. அவருக்கு வேறு யாரும் இல்லை என்று உன்னிடம் சொல்லியிருந்தால் நீயே கூப்பிட்டிருப்பாய். சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். லிஃப்ட் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். பேசாமல் இருந்தால் பயந்துவிடுவார்கள். யார் யாரோடோ கதவுக்கு வெளியே நின்று ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். வீட்டுக்குள் எனக்குப் பேச வரவில்லை.

அந்தக் கோட்டை நீ சிரிப்பாய் என்று நினைத்துத்தான் அடித்தேன். இதை நீ நம்ப மாட்டாய். முதல் நாள் சாயங்காலம் நீ டீ டம்ளரைக் கொண்டுவந்து, சரியாகக் கோட்டின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாய். சிரித்தாயா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே வந்து பார்த்திருக்கலாம். அது உன் பக்கம் என்று நின்றுவிட்டேன். ஒன்பது நாளும் அப்படியே நின்றேன்.

அண்ணன் உன்னை ஒரு குறையும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, “அந்த ரேடியோவ அவ்ளோ சத்தமா வெச்சிருக்க வேண்டாம்டா, அவ களைச்சுப்போய் வந்தா” என்றார். உனக்கு உடனே சொல்லாததற்குக் காரணம், நீ வர மாட்டாய் என்று நினைத்ததல்ல. நீ வந்து வாசலில் நின்றால் நான் உடைந்துபோய்விடுவேன் என்று பயந்தேன். அதை அந்தக் கார்டில் எழுதியிருக்க வேண்டும். இடம் இருந்தது.

அவரை உட்கார வைத்துவிட்டு வருகிறேன் என்று சொன்னது உண்மைதான். அவர் போன பிறகு இரண்டு தடவை ரயில் டிக்கெட் எடுத்தேன். ஒரு தடவை ஸ்டேஷன் வரை போனேன். கதவைத் திறந்து நீ என்ன சொல்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். ‘என் பாதியில்’ என்றுதான் காதில் கேட்டது. திரும்பிவிட்டேன்.

சரி. நீ கேட்பது நியாயம். அந்த வீட்டை நாலு வருஷமாகப் பார்த்துக்கொள்வது நீ. பாதி என்ன, முழுதும் உன்னுடையதுதான். பதினேழாம் தேதியே வைத்துக்கொள். பத்து மணிக்குக் காரியம் நடக்கும். உனக்கு ஒரு சிரமமும் இல்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
லிஃப்ட்காரன்


மார்ச் 20

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

கடிதம் வந்தது. இவ்வளவு நீளமாக உங்களுக்கு எழுத வரும் என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால், வேறு ஊரில் உட்காரவைத்தே குடித்தனம் நடத்தியிருப்பேன்.

எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது. ரயில் காலை ஆறே காலுக்கு வருகிறது. ஸ்டேஷனில் ஆட்டோக்காரர்கள் சுற்றி வளைத்துக் கூட்டிப்போவார்கள், நடந்தே வாருங்கள், பதினைந்து நிமிஷம்தான். நேராக வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் போகலாம். குளியலறை அன்றைக்குப் பத்து மணி வரை உங்களுடையதுதான், அனுமதி கேட்க வேண்டியதில்லை.

முதலாளியிடம் இரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறேன். “ஒரு கையெழுத்துக்கு எதுக்கும்மா ரெண்டு நாளு?” என்றார். “வீடு சம்பந்தமான வேலை, இழுக்கும்” என்றேன். மனுஷன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

உங்கள் எழுத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. முன்பெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி எழுதுவீர்கள். இப்போது கட்டெறும்பாக இருக்கிறது. கடிதத்தைக் கையை நீட்டி, தூரத்தில் வைத்துப் படிக்கிறீர்களா? நிச்சயமாகப் படிப்பீர்கள். ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி நான்தான் தேய்த்துக் கொடுக்கிறேன், வீட்டு ஆள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரிகிறார். கறுப்பு ஃபிரேம் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். காது பக்கம் உங்களுக்கு அகலம் வேண்டும். பவர் மட்டும் ஆளை உட்காரவைத்துப் பார்த்தால்தான் தெரியும். பதிவு முடிந்ததும் கடைக்குப் போய்விட்டு வரலாம், அரை மணி நேர வேலை.

மிதவை வாஷரை மாற்ற ஆளைக் கூப்பிடவில்லை. நீங்களே பாருங்கள். பின்கதவையும் பாருங்கள், தூக்கித் தள்ளியும் திறக்க மாட்டேன் என்கிறது.

முன்னறைத் திரைச்சீலையைத் துவைத்துப் போட்டாயிற்று. நீலக்கோடு மட்டும் போகவில்லை.

பதினேழாம் தேதி பார்க்கலாம்.

உங்கள்,
கண்ணாடிக்காரி


ஏப்ரல் 15
(ஸ்பேனர் கையில் கொடுத்தனுப்புவது)

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

இதை நீ படிக்கும்போது பதிவு அலுவலகத்தில் இருப்பாய். பக்கத்தில் பெரிய தலையோடு நிற்பவன்தான் ஸ்பேனர். பயப்படாதே, கடிப்பவன் இல்லை.

நான் வேலை பார்க்கிற கட்டிடத்தில் எட்டாவது மாடியில் ஒரு வக்கீல் இருக்கிறார். போன மாதம் அவரிடம் நம் விஷயத்தைச் சொன்னேன். “இதுக்கு நீங்க போகவே வேண்டாமே, உங்களுக்குப் பதிலா கையெழுத்து போட ஒரு ஆளுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தா போதும்” என்றார். உன் பத்திர எழுத்தருக்கு வயதாகிவிட்டது, பாவம், இது தெரியவில்லை. நேரில் வந்தால்தான் நடக்கும் என்று உன்னை எவ்வளவு அலையவிட்டிருக்கிறார். என் முகத்தைப் பார்க்காமலே உனக்கு வேலை முடியும் என்று தெரிந்தபோது, இந்த ஒரு உதவியாவது உனக்குச் செய்யலாம் என்று நினைத்தேன். அன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் உன் கடைசிக் கடிதம் வந்தது. கொஞ்சம் தடுமாறிப்போனேன். நீ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. பிறகு மறுபடியும் படித்தேன். இவ்வளவு சந்தோஷமாக நீ எழுதி நான் பார்த்ததே இல்லை. ‘பத்து மணி வரை உங்களுடையதுதான்’ என்று எழுதியிருந்தாய். அந்த வரியில் நின்றுவிட்டேன். பத்து மணிக்குப் பிறகு என்ன என்று எனக்கும் தெரியும். நாலு வருஷமாகக் காத்திருந்தது கைக்கு வருகிறது என்ற சந்தோஷம் அது. குறையாகச் சொல்லவில்லை. உனக்கு அது வர வேண்டியதுதான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் வரலாம். அந்தக் குளியலறையில் குளித்து, அந்த வாசலில் செருப்பை மாட்டி, உன்னோடு நடந்து போய்க் கையெழுத்தும் போட்டுவிடலாம். அதன் பிறகு, உன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து பையை எடுத்துக்கொண்டு மாலை ரயிலுக்குக் கிளம்ப என்னால் முடியாது. அழுது வைப்பேன். உனக்கு அது வேண்டாம்.

எங்கள் தொழிலில் ஒரு லிஃப்டை வேறு ஆளிடம் ஒப்படைக்கும்போது எல்லாவற்றையும் வரைந்து கொடுக்க வேண்டும். அப்படியே வீட்டையும் வரைந்திருக்கிறேன். மூன்று தாள். சுவருக்குள் எங்கே குழாய் போகிறது, எங்கே ஒயர் போகிறது, எங்கே ஆணி அடிக்கக் கூடாது, எல்லாம் இருக்கிறது. சிவப்பு மையில் இருப்பது ஒயர், நீலம் குழாய். ஞாபகத்திலிருந்து வரைந்தது. ஒரு அங்குலம்கூடப் பிசகாது.

பின்கதவுக்கு ஒரு இழைப்பு வேண்டும். வாஷர் ஸ்பேனரிடம் கொடுத்திருக்கிறேன். சொன்னால் மாட்டிக் கொடுப்பான்.

கவரில் என் சாவியும் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். வில்லை தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்.

இனி தொந்தரவு இருக்காது.

லிஃப்ட்காரன்


ஏப்ரல் 19

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

ஆறே கால் ரயில் அன்றைக்கு இருபது நிமிஷம் தாமதம். ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது என்று இருந்தவள், போய்விட்டேன். எல்லாரும் இறங்கிப் போனார்கள். பெரிய தலையோடு ஒருவர் என்னைத் தாண்டித்தான் போனார். எனக்கு எப்படித் தெரியும்? நான் உங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். நடந்து வீட்டுக்குப் போயிருப்பீர்கள் என்று ஓடினேன். வாசலில் யாரும் இல்லை. நேராக அலுவலகத்துக்கே போயிருப்பீர்கள் என்று அங்கே போனேன். ஒன்பது மணியிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிப் பெட்டி கைப்பையில் இருந்தது.

பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவர் வந்து, “அண்ணி, நான் ஸ்பேனர்” என்றார். நான் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். “அண்ணன் வரல அண்ணி” என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

உங்கள் கடிதத்தை அங்கேயே படித்தேன். எழுந்து போயிருக்கலாம். பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பதிவாளர் பத்திரத்தை வாசிக்கச் சொன்னார். ஒரு பெண் வாசித்தாள். ‘மேற்படி வீட்டின் மீதும், அதன் எந்தப் பகுதியின் மீதும், இன்று முதல் எனக்கு எவ்விதப் பாத்தியதையும் சம்பந்தமும் கிடையாது’ என்று இருந்தது. பதிவாளர் நிமிர்ந்து, “சம்மதம்தானே?” என்றார். ஸ்பேனர் என்னைப் பார்த்தார். நான் மடியில் இருந்த கைப்பையை மூடினேன். “சம்மதம் சார்” என்றார். குரலே எழும்பவில்லை. இரண்டாவது தடவை சொல்லச் சொன்னார்கள். உங்களுக்குப் பதிலாக அவர் இரண்டு தடவை சொன்னார். நான் என் இடத்தில் கையெழுத்துப் போட்டு, ரேகை வைத்தேன். மையைத் துடைக்கத் துணி கொடுத்தார்கள். எல்லாம் பதினோரு நிமிஷம்.

பத்திர எழுத்தருக்கு எல்லாம் தெரியும். அவர் முதல் நாளே சொன்னார், “வர முடியலைன்னா அதிகாரப் பத்திரம் போதும்மா” என்று. “அப்படி ஒரு வழி இருக்குன்னு அவருக்குத் தெரியவே வேண்டாம்” என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். தண்ணீர்க் குழாய் விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்பினால் நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். எனக்கு வீடு வேண்டியிருக்கவில்லை. உங்கள் பாதியைக் கேட்டால், கொடுக்க மாட்டேன் என்று சண்டை போடவாவது வந்து நிற்பீர்கள் என்று நினைத்தேன். வந்து நின்றால் போதும் என்று நினைத்தேன். ‘வாருங்கள்’ என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதினால் வருவீர்கள். கூப்பிட்டதால் வந்தீர்களா, வர வேண்டும் என்று வந்தீர்களா என்று காலம் முழுக்க எனக்குச் சந்தேகமாக இருக்கும். அதனால் எழுதவில்லை. நானும் என் பக்கமே நின்றேன்.

நீங்கள் கேட்டிருந்தீர்கள், டீ வைத்த அன்று சிரித்தேனா என்று. சிரித்தேன். சமையலறைக்குப் போய், அடுப்படியில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நீங்கள் வந்து பார்ப்பீர்கள் என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

இப்போது இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், வாருங்கள் என்று சொல்ல அல்ல. வர வேண்டாம். அந்த வாக்கியத்தை வாசித்து, அதற்கு ஒரு ஆள் சம்மதம் சொல்லிவிட்டார். உங்கள் மேல் கோபமாக இருக்கப் பார்க்கிறேன், கோபம்கூட வரவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. என்னிடம் இனி ஒன்றும் மிச்சம் இல்லை.

வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. ஒன்றாம் தேதி ஒரு ஜோடி வருகிறார்கள். அவன் அச்சகத்தில் வேலை, அவளுக்கு ஏழாவது மாதம். வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது, ஹாலில் கோட்டைக் காட்டி, “இது என்னங்க?” என்று அந்தப் பெண் கேட்டாள். ஏதோ அளவு எடுத்தது என்று சொல்லிவைத்தேன். உங்கள் சாவியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். நீங்கள் வரைந்த மூன்று தாளையும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன், அவர்களுக்குத்தான் இனி உபயோகம். கடைக்கு மேலே ஒரு அறை இருக்கிறது, நான் அங்கே போகிறேன். முழு வீட்டில் என்னால் இருக்க முடியாது. அறையின் முகவரியை இதில் எழுதவில்லை.

வாஷரை ஸ்பேனர் மாட்டிவிட்டார். பின்கதவையும் இழைத்துக் கொடுத்தார். கண்ணாடியை அவரிடம் கொடுத்தனுப்பலாமா என்று யோசித்தேன். பவர் தெரியாமல் வெறும் ஃபிரேமை அனுப்பி என்ன பயன்? கடையிலேயே திரும்ப வைத்துவிட்டேன். அங்கே ஒரு நல்ல கண் டாக்டரைப் பாருங்கள். தள்ளிப் போடாதீர்கள்.

வருகிறவர்களுக்கு வீட்டைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று இன்று காலை வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்கள் எழுதியிருந்தது சரிதான். கடைக்காரன் கலப்படம் எதுவும் செய்யவில்லை. அந்தக் கோட்டின் மேல் நான் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் ஈரத்துணி போட்டதில்லை. வாசல் ஓரத்தில் ஆரம்பித்து, பின்பக்கச் சுவர் வரை, ஒரே துடைப்பில் போய்விட்டது. சோப்புகூட வேண்டியிருக்கவில்லை.

கண்ணாடிக்காரி